பத்துக் கோடிச் சொச்சத்தில் ஒரு பதில்

ஆலையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உட்கார்ந்திருந்தது. அவரைப் பொறுத்தவரை ‘சுமாரா’ என்பது கெட்ட வார்த்தை. “கூட்டத்துக்குச் சுமாரா பத்து பேர் வந்தாங்க” என்று யாராவது வாயைத் திறந்தால், “ஒம்பதா, பதினொண்ணா?” என்று கேட்டு அந்த வாயை அங்கேயே அடைத்துவிடுவார். அவரோடு டீ குடிக்கப் போகிறவர்கள் குறைவு.

பேரிங் செய்கிற ஆலை அது. அதில் கேஜ் அறை என்று ஒன்று உண்டு. ஆலையில் இருக்கும் அத்தனை அளவுக் கருவிகளும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அங்கே வந்து, தாங்கள் காட்டுவது சரிதான் என்று நிரூபித்துவிட்டுப் போக வேண்டும். அந்த அறையில் ஒரு சட்டம். இருப்பதில் சின்ன அளவிலிருந்து ஆரம்பித்து, ஒன்றைக்கூட விடாமல், கடைசி அளவு வரை ஏறிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. பாதியில் நிறுத்தினால் அது சோதனையே இல்லை. மில்லிமீட்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தச் சட்டம் அவருக்கு ரத்தத்தில் ஏறிவிட்டது. சாப்பாட்டில்கூட ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகத்தான் தின்பார் என்று கேன்டீனில் பேச்சு.

அதே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் குண்டுமணி. ஆள் ஒல்லிதான். பேரிங்குக்குள் போகிற எஃகுக் குண்டுகளை விளக்கு மேசையில் உருட்டிவிட்டு, கீறல் விழுந்ததைக் கண்ணால் பார்த்துக் காந்தக் குச்சியால் பொறுக்கி எடுக்கிற வேலை அவளுக்கு. அதனால் வந்த பெயர். மற்ற பெண்கள் ஒரு தட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மேஸ்திரி சந்தேகப்பட்டு அவள் பார்த்து முடித்த தட்டைத் திரும்பப் பார்ப்பார். ஒரு கீறலும் அகப்படாது.

புதுப் பிரிவு தொடங்கிய நேரம் அது. அதனால் டோக்கன் எண்களைப் பத்தாயிரத்து ஒன்றிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்கள். மில்லிமீட்டருக்குக் கிடைத்தது 10007. குண்டுமணிக்கு 10009. நடுவில் 10008 என்று ஒருவன் இருந்தான். எண்ணெய் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரே வாரத்தில் ஓடிவிட்டான். வாசலில் டோக்கன்களை மாட்டும் பலகையில் இவர்கள் இருவரின் ஆணிகளுக்கும் நடுவே ஓர் ஆணி மட்டும் காலியாக நின்றது.

இருவருக்கும் பழக்கம் வந்தது ஒரு பஸ் டிக்கெட்டால். கேன்டீனில் மில்லிமீட்டர் டிக்கெட்டை மேசையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தார். எண்களை உடைத்துப் பார்ப்பது அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே இருந்த பைத்தியம். ஓர் எண்ணை வேறு இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிக்க முடிந்தால் உடைந்தது என்று கணக்கு. எதாலும் வகுபடாமல் முரண்டு பிடித்தால் அது பகா எண்.

“டிக்கெட் உங்களை ஏதாவது திட்டிச்சா?” என்றாள் குண்டுமணி.

“ஆறாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தேழு. மூணு, ஏழு, பதினொண்ணுன்னு நாப்பத்திமூணு வரைக்கும் வகுத்துட்டேன். அசைய மாட்டேங்குது.”

அவள் எட்டிப் பார்த்தாள். “எண்பத்தொண்ணை எண்பத்தொண்ணால பெருக்கினா ஆறாயிரத்து ஐந்நூற்று அறுபத்தொண்ணு. அதுல நாலு கம்மி. நாலுங்கிறது ரெண்டோட வர்க்கம். அப்ப எண்பத்தொண்ணுல ரெண்டு குறைச்சு ஒண்ணு, ரெண்டு கூட்டி ஒண்ணு. எழுபத்தொம்பது, எண்பத்திமூணு. பெருக்கிப் பாருங்க.”

பெருக்கிப் பார்த்தார். அச்சாக வந்தது. நியாயமாக அந்த இடத்திலேயே அவர் அவளிடம் அந்த வழியைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் மனிதருக்கு அது கண்கட்டு வித்தையாகப் பட்டது. மேலே தாவிக் குதித்து அகப்பட்டதைப் பிடிப்பதெல்லாம் ஒரு முறையா? கீழிருந்து படிப்படியாக ஏறுவதுதான் சோதனை. அதை அவளிடமே சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனாள்.

அதன் பிறகு தினமும் டிக்கெட் உடைப்பதுதான் அவர்கள் சாப்பாட்டுக்குத் தொடுகறி. அவர் ஏணி வைத்து ஏறுவார். அவள் கூரையில் உட்கார்ந்து காத்திருப்பாள். மற்றவர்கள், “ரெண்டும் கழண்ட கேஸ், ஒரே கட்டடத்துல வச்சிருக்காங்க” என்றார்கள். இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் அந்த ‘ரெண்டும்’ என்ற வார்த்தை அவருக்கு இனித்தது.

வீட்டில் அக்கா பெண் பார்க்க ஆரம்பித்தாள். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அக்காதான் எல்லாம். மில்லிமீட்டர் ஒரு வாரம் மென்று விழுங்கிவிட்டு, கேன்டீனில் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் குண்டுமணியை நிறுத்தினார்.

“வீட்ல எனக்குப் பொண்ணு பார்க்கிறாங்க. உங்களுக்குச் சம்மதம்னா… அக்காவை உங்க வீட்டுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். இல்லேன்னாலும் ஒண்ணுமில்ல. சொல்லிடுங்க.”

பின்னால் ஏழெட்டுப் பேர் எச்சில் கையோடு நின்றார்கள். குண்டுமணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வேலைச் சட்டைப் பையிலிருந்த அட்டைத் துண்டில் ஏதோ எழுதி நீட்டினாள்.

“இதை உடைச்சுப் பாருங்க. பதில் அதுலயே இருக்கு.”

அட்டையில் 10,01,60,063 என்று இருந்தது. பத்துக் கோடியே ஒரு லட்சத்து அறுபதாயிரத்து அறுபத்துமூன்று.

உங்களிடம் இதை ஒளித்துவைத்து எனக்கு என்ன லாபம்? சொல்லிவிடுகிறேன். அவர் டோக்கன் எண்ணை அவள் டோக்கன் எண்ணால் பெருக்கினால் வருகிறது அது. இரண்டுமே பகா எண்கள். அதைப் பல நாளைக்கு முன்பே அவள் கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். நீயும் நானும் சேர்ந்தால் இந்த எண். இதைப் பிரித்தால் உன்னையும் என்னையும் தவிர வேறு யாரும் வர முடியாது. சம்மதத்தை இதைவிடச் சுத்தமாக ஒரு பெண் சொல்ல முடியுமா? கொஞ்சம் சுற்றி வளைத்ததுதான். ஆனால் ஆளறிந்து சொன்ன பதில். ஒன்றைக் கூட்டினால் அது 10008-இன் வர்க்கம். நடுவில் ஓடிப்போனானே, அவன் எண்! அவளுடைய வழியில் போயிருந்தால் கை காய்வதற்குள் உடைந்திருக்கும்.

மில்லிமீட்டர் வீட்டுக்குப் போனார். மாடி அறையில் மேசையைத் துடைத்தார். பென்சிலைச் சீவினார். மூன்றிலிருந்து ஆரம்பித்தார்.

இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு, மூன்றால் போகாது. ஏழால் வகுத்தார், மீதி மூன்று. பதினொன்றால் வகுத்தார், மீதி மூன்று. பதின்மூன்றால் வகுத்தார், அதற்கும் மீதி மூன்று. அந்த மூன்றாவது மூன்று அவருக்கு நல்லதாகப் படவில்லை. சகுனம் பார்க்கிற ஆள் இல்லைதான். ஆனால் பெண் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவனுக்குப் பல்லி கத்தினாலும் பதில்தான்.

அடுத்த நாள் கேன்டீனில் அவர் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். எண் உடையாமல் அவள் முகத்தைப் பார்க்க வெட்கம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. வீட்டில் ஏதோ சிக்கல் போலிருக்கிறது, யோசிக்கட்டும் என்று விட்டாள்.

மாலையில் வகுத்தல், ஞாயிற்றுக்கிழமை முழுக்க வகுத்தல். நூறு தாண்டியது. முந்நூறு தாண்டியது. ஒவ்வொரு வகுத்தலின் கடைசியிலும் ஒரு மீதி வந்து நின்றது. ஒவ்வொரு மீதியும் அவர் காதில் ‘இல்லை’ என்று விழுந்தது. நாள் முழுக்க ஒருவரிடம் ‘இல்லை’ கேட்டுக்கொண்டே இருந்தால் அவர் எத்தனை நாள் கேள்வி கேட்பார்? ஐந்நூறு தாண்டியபோது அவர் மனது முடிவுக்கு வந்துவிட்டது. கைதான் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. இது பகா எண். தன்னையும் ஒன்றையும் தவிர யாரையும் உள்ளே விடாத எண். தனியாக இருக்க விடு என்கிறாள். நேரே சொன்னால் மனசு புண்படும் என்று நாசூக்காகச் சொல்லியிருக்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இந்த எண்ணுக்குப் பத்தாயிரம் சொச்சம் வரை வகுத்துப் பார்த்தால்தான் பகா எண் என்று சொல்ல முடியும். அவருக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். கேஜ் அறையில் எவனாவது பத்தில் ஒரு பங்கு பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு வந்திருந்தால் தோலை உரித்திருப்பார். அப்பேர்ப்பட்ட ஆள் ஆயிரத்தோடு நிறுத்தினார். பென்சிலைக் கீழே வைத்தபோது, வலித்தாலும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி பயப்பட ஒன்றுமில்லை அல்லவா?

மறுநாள் அதே குழாயடியில் அவளிடம் போனார். பெரிய மனசோடு நடந்துகொள்வதாக அவருக்கு ஓர் எண்ணம்.

“நீங்க குடுத்த எண்ணைப் பார்த்துட்டேன். பதில் புரிஞ்சுது. இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். நீங்க நல்லா இருக்கணும்.”

அவள் “சரி” என்றாள். குழாயை மூடிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து டிக்கெட் உடைப்பது நின்றது. சீக்கிரமே அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுப் போனாள். பலகையில் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆணிகள் காலி. மில்லிமீட்டர் தினமும் காலையில் தன் டோக்கனை எடுக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமலே எடுக்கப் பழகிக்கொண்டார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா பார்த்த வரன்களையெல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லித் தள்ளினார். அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல், “நீ கேக்கிற அளவுக்கு ஆளை உன் ஆலையிலதான்டா கடைஞ்சு எடுக்கணும்” என்றாள். அவர் சிரித்து வைத்தார். அக்கா வீட்டு மாடி அறையே நிரந்தரமாயிற்று. அக்கா பிள்ளைகள் வளர்ந்தார்கள், போனார்கள். அவர் கேஜ் அறைக்குத் தலைவரானார். தன்னை ஒருத்தி வேண்டாம் என்றாள், அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டு விலகினேன் என்ற துக்கத்தை அவர் நல்ல சட்டை மாதிரி மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். அந்தத் துக்கத்தில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பதை நான் சொல்லாவிட்டால் அது பொய்.

ஓய்வு பெறும் நாளில் கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். மேலாளர் எழுந்து, “இந்த மனுஷன் முப்பது வருஷத்துல முழுசாச் சோதிக்காம ஒரு கையெழுத்துப் போட்டது கிடையாது” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மில்லிமீட்டருக்குக் காது இரண்டும் எரிந்தது. ஒன்று இருக்கிறது, ஒன்றே ஒன்று இருக்கிறது என்று உள்ளே யாரோ சொன்னார்கள். ஆயிரத்தோடு நிறுத்திய சோதனை. எழுந்து நன்றி சொல்லும்போது நாக்குக் குழறியது. பிரிவுத் துயரம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளே கடைக்குப் போய்ப் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டர் ஒன்று வாங்கினார். எண் மனப்பாடம். விட்ட இடமும் மனப்பாடம். ஆயிரத்துக்கு மேல், இரட்டைப்படையையும் ஐந்தில் முடிவதையும் மட்டும் தள்ளிவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டினார். இப்போதும் அதே ஏணிதான். என்ன செய்ய, தொட்டில் பழக்கம்.

“இந்த வயசுல யார்கிட்ட வேலைக்குச் சேர்ந்திருக்க?” என்று அக்கா படியேறி வந்து கேட்டாள்.

“பழைய பாக்கி ஒண்ணு. முடிச்சுட்டு வந்துடறேன்.”

நாட்கள் போயின. பகா எண்தான் என்று நிரூபித்துவிட்டால் அந்த ஒரு குறையும் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று ஏறியபோது வெற்றி நெருங்குகிற உற்சாகம்கூட வந்தது. பத்தாயிரத்து ஒன்றைத் தட்டினார். புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் நீண்டன. பத்தாயிரத்து மூன்று. அப்படியே. அடுத்தது பத்தாயிரத்து ஏழு.

அந்த எண்ணைத் தட்டும்போதே விரலுக்கு அது தெரிந்திருந்தது. டோக்கனாகச் சட்டைப் பையில் முப்பது வருடம் கிடந்த எண் ஆயிற்றே. திரையில் 10009 என்று வந்து நின்றது. புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. மீதி இல்லை.

அவர் கால்குலேட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக் கையால் பெருக்கினார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். கேட்டது, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா மேலே வந்து பார்த்தபோது மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. என்னடா என்று கேட்ட அக்காவிடம், “நான் ஒரு முட்டாள்க்கா” என்றார். அக்கா அதை மறுக்கவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

குண்டுமணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் ஒருவருக்கு எல்லோர் விலாசமும் தெரியும். நகரத்தின் மறு கோடியில், மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் தையல் கடை வைத்திருக்கிறாள்; கணவர் காலமாகிச் சில வருடம் ஆகிறது; பிள்ளைகள் இருவரும் வெளியூரில் என்றார். போகலாமா கூடாதா என்று மில்லிமீட்டர் ஒரு மாதம் தவித்தார். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்தார். யார் மனசு என்று யோசிக்கவில்லை.

கடை என்றால் ஒரே அறை. இரண்டு தையல் இயந்திரம், வெட்டுகிற மேசை, சுவரில் தைத்து முடித்த சட்டைகள். அவள் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

“மில்லிமீட்டரா? வாங்க. உட்காருங்க. சட்டை தைக்கணுமா?”

“இல்ல.” அவர் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வரவில்லை. “அந்த எண்ணை உடைச்சுட்டேன்” என்றார்.

“எந்த எண்ணை?”

“பத்துக் கோடியே ஒரு லட்சத்து அறுபதாயிரத்து அறுபத்துமூணு.”

அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். “அதை அப்பவே உடைச்சுட்டீங்களே.”

“இல்ல. ஆயிரம் வரைக்கும் பார்த்தேன். எதுவும் போகல. பகா எண்ணுன்னு நெனச்சுட்டேன். வேணாம்னு சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்.”

“எதுலேர்ந்து ஆரம்பிச்சீங்க?”

“மூணுலேர்ந்து.”

குண்டுமணி துணியில் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். மேசை மேலேயே எண்ணை எழுதினாள். கீழே ஒன்று என்று எழுதிக் கூட்டினாள். பத்தாயிரத்து எட்டின் வர்க்கம் என்று கோடு இழுத்தாள். அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவ்வளவுதான். அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன். பஸ் ஸ்டாப்புல நின்னேன். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுட்டு நின்னேன். நீங்க வரல. அப்புறம் ஒருநாள் வந்து, பார்த்துட்டேன், புரிஞ்சுது, நல்லா இருங்கன்னு சொன்னீங்க. நான் என்ன நினைப்பேன்? சரின்னு சொன்னதைப் படிச்சுட்டு வேணாம்னு சொல்றாருன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போய், முதல்ல யாரு வந்தாலும் கட்டி வைங்கன்னு சொல்லிட்டேன்.”

 இத்தனை வருடமாக, தன்னைத்தான் வேண்டாம் என்று தள்ளியதாக மில்லிமீட்டர் நினைத்திருந்தார். தள்ளப்பட்டது அவர் இல்லை, அவள்.

“அவரைக் குறை சொல்ல மாட்டேன்” என்றாள். “நல்ல மனுஷன்தான். பேச்சு கம்மி. ஆனா நான் அந்த வீட்டுக்குள்ள வரும்போதே, ஒருத்தர் பார்த்துட்டு வேணாம்னு தள்ளின ஆளாத்தான் வந்தேன். அது கடைசி வரைக்கும் உள்ளயே இருந்துச்சு. எண்ணைத் தொடறதையே விட்டுட்டேன். பிள்ளைங்களுக்கு வாய்ப்பாடுகூட அவர்தான் சொல்லிக் குடுத்தார்.”

“என்னை மன்னிச்சிடுங்க.”

“முழுசாப் பார்க்காம எதுக்குப் புரிஞ்சுதுன்னு சொன்னீங்க?” என்றாள். குரல் உயரவில்லை. “ஊரு உலகத்துல இருக்கிறதையெல்லாம் கடைசி வரைக்கும் பார்ப்பீங்களே.”

அவர் பயம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

கீழே மருந்துக் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சுண்ணாம்புக் கணக்கை உள்ளங்கையால் அழித்தாள். வெட்ட வைத்திருந்த துணியை எடுத்து அந்த இடத்தில் விரித்தாள். கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்தாள். அதில் சுருக்கமே இல்லை.

“நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னு நெனச்சப்ப, கோபப்படறதுக்காவது எனக்கு ஒரு ஆள் இருந்துச்சு” என்றாள். “இப்ப அதுவும் இல்ல. இதை வந்து சொல்லாமலே இருந்திருக்கலாம் நீங்க.”

 அவள் நிமிரவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.